ஃபிமோரல் பாகத்தின் வளைபரப்பு பாலிஷ்: தடத்தைப் பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் தொடை எலும்பின் முனையில் தொப்பிபோல் மாட்டும் உலோகத் துண்டுதான் ஃபிமோரல் பாகம். அதன் வெளிப்பரப்பு பாலிஎத்திலீன் தட்டின் மேல் பல ஆண்டுகள் உருண்டும் வழுக்கியும் ஓட வேண்டும். அந்தப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால், பள்ளத்தைவிடப் பள்ளத்தின் இரு கரையிலும் மேலெழும்பி நிற்கும் உதடுதான் ஆபத்து. அது பிளாஸ்டிக்கை உளிபோலச் சீவும். சீவிய தூள் சுற்றியுள்ள எலும்பை அரிக்க வைக்கும், உறுப்பு தளரும், வயதான ஒருவர் மறுபடி அறுவை மேசையில் படுக்க வேண்டி வரும். பாலிஷ் பட்டறையில் விடும் பிழைக்கு இவ்வளவு தூரம் பாயும் விளைவு உண்டு.

குத்துவிளக்கும் எவர்சில்வர் பாத்திரமும் மெருகேற்றிப் பழகிய கை இந்த வேலைக்கு நல்ல கைதான். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வர வேண்டும். பாத்திரத்தில் மினுக்கம் வந்தால் வேலை முடிந்தது. இங்கே பளபளப்பு வேறு, வழவழப்பு வேறு, வடிவம் வேறு. மூன்றும் சேர்ந்து வர வேண்டும். கடைசி வீலில் தெரியும் கோளாறு பெரும்பாலும் கடைசி வீலில் பிறந்தது அல்ல. அது எந்தப் படியில் பிறந்ததோ அந்தப் படிக்குத் திரும்பிப் போனால்தான் தீரும். துணி வீலில் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுவதால் கோளாறு மறையும், போகாது.

இங்கே பேசுவது வார்ப்புக் கோபால்ட்-குரோமியம்-மாலிப்டினம் கலவையைப் பற்றி, ஏ.எஸ்.டி.எம். எஃப்75 தரம் என்று சான்றிதழில் இருக்கும். குரோமியம் 27 முதல் 30 சதவீதம், மாலிப்டினம் 5 முதல் 7 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் கோபால்ட். இந்த உலோகத்தின் மூன்று குணங்களை மனதில் வையுங்கள். வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் இன்னும் இறுகிவிடும். உள்ளே கார்பைடு எனும் கடினத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். சுற்றியுள்ள உலோகத்தைவிட அவை பல மடங்கு கடினமானவை. கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த மூன்றிலிருந்தே கிளம்புகின்றன.

தொடங்கும் முன்: ஒப்பிட ஒரு வரிசை

வரிசை தெரியாமல் கோளாறைத் தேட முடியாது. வழக்கமான ஓட்டம் இது: வார்ப்பின் கேட்டை (உருகிய உலோகம் அச்சுக்குள் நுழைந்த வாய்) வெட்டிய பிறகு பி120 தேய்ப்புப் பெல்ட்டில் வடிவம் எடுப்பது, அடுத்து பிரமிட் வடிவத் துகள் பெல்ட்டுகள் ஏ65, ஏ30, ஏ16 (இந்த எண் கிட்டத்தட்ட துகளின் மைக்ரான் அளவு), பிறகு சிசல் நார் வீல், துணி வீல், அல்லது இவற்றுக்குப் பதிலாக டிராக் ஃபினிஷிங் இயந்திரத்தில் (பாகத்தை மாட்டித் துகள் தொட்டிக்குள் இழுக்கும் இயந்திரம்) ஈரக் கல், அதன்பின் உலர் துகள், கழுவல், நைட்ரிக் அமிலக் குளியல், ஆய்வு.

பி120 துகளின் சராசரி அளவு 125 மைக்ரான். அதிலிருந்து 65, 30, 16 என்று ஒவ்வொரு படியிலும் பாதியாக இறங்குவதைக் கவனியுங்கள். ஒரு பெல்ட்டை மிச்சம் பிடிக்கலாம் என்று 125-லிருந்து நேராக 30-க்குத் தாவினால், மிச்சம் பிடித்த நேரத்தைப் போல மூன்று மடங்கு கடைசியில் போகும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. 10 மடங்கு லென்ஸ், 50 மடங்கு நுண்ணோக்கி, நீளமான ஒரு எல்.இ.டி. ட்யூப் லைட், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி, பெர்மனென்ட் மார்க்கர், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பரப்பின் கரடை அளக்கும் ரஃப்னெஸ் டெஸ்டர். காம்பவுண்ட் (வீலில் தடவும் மெருகு மெழுகு) படிந்த பரப்பைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் பாருங்கள். மெழுகு நிறைந்த கீறல் கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரியும்.

கீறல் தெரிகிறது

முதல் கேள்வி: கீறல்கள் எல்லாம் ஒரே திசையிலா, தாறுமாறாகவா?

ஒரே திசையில் இணையாக ஓடினால் அது முந்தைய பெல்ட்டின் மிச்சம். எந்தப் பெல்ட் என்பதைத் திசையே சொல்லிவிடும். ஆனால் அதற்கு ஒவ்வொரு பெல்ட்டையும் வேறு கோணத்தில் ஓட்டியிருக்க வேண்டும். பி120-ஐ கான்டைலின் (பாகத்தின் இரு உருண்ட முனைகளில் ஒன்று) நீளவாக்கில் ஓட்டினால், ஏ65-ஐ 30 முதல் 45 டிகிரி சாய்த்து ஓட்டுங்கள்; ஏ30-ஐ மறுபக்கம் சாய்த்து ஓட்டுங்கள். வளைபரப்பில் முழுக் குறுக்காக ஓட்ட இடம் கிடைக்காது. இந்தச் சாய்வு போதும். முந்தைய திசைக் கோடு ஒன்றுகூட லென்ஸில் தெரியாதவரை அடுத்த பெல்ட்டுக்குப் போகக் கூடாது. எல்லாப் பெல்ட்டும் ஒரே திசையில் ஓடும் பட்டறையில் இந்தச் சோதனைக்கே வழியில்லை; அங்கே கீறல் புகார் ஓயாது.

கோடு தெரிந்தால் எந்தத் திசைக் கோடோ அதற்கு அடுத்த பெல்ட்டுக்குத் திரும்புங்கள். நீளவாக்குக் கோடு நின்றிருந்தால் குற்றவாளி பி120. அதை அழிக்க வேண்டிய ஏ65 தன் வேலையை முடிக்கவில்லை. அங்கிருந்து மீண்டும் இறங்கி வாருங்கள்.

தாறுமாறாக, வளைந்தும் ஒற்றையாகவும் ஆழமாகவும் கீறல் இருந்தால் அது வெளியிலிருந்து வந்த துகள். தேட வேண்டிய இடங்கள்: கரட்டு பெல்ட்டில் வேலை செய்தவரின் ஏப்ரனும் கையுறையும், பொதுவாகப் பயன்படும் தள்ளுவண்டித் தட்டு, திறந்து வைத்த காம்பவுண்ட் கட்டி, மேலே ஓடும் ஃபேனின் இறக்கையில் படிந்த தூசி. கீழே விழுந்த துணி வீலைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டவே கூடாது. அது முந்தைய கரட்டுப் படிக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு துகள் அளவுக்கும் தனி வீல், தனி நிறத் தட்டு, தனிக் கையுறை. முடிந்தால் கடைசி வீலைத் தனி அறையில் வையுங்கள்.

டிராக் ஃபினிஷிங்கில் இதே கீறல் வந்தால், உடைந்த ஈரக் கல்லின் சில்லு உலர் துகள் தொட்டிக்குள் வந்திருக்கிறது. இரண்டு தொட்டிக்கும் நடுவே பாகத்தையும் அதைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சரையும் சேர்த்தே கழுவ வேண்டும். பாகத்தை மட்டும் கழுவிவிட்டு ஃபிக்ஸ்சரின் மறை இடுக்கை விட்டுவிடுவது அடிக்கடி நடப்பது.

சிறு பிறை வடிவ நசுங்கல் இருந்தால் அது கீறலே அல்ல. இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. பாகங்களைத் தட்டில் குவிக்காமல் ஒவ்வொன்றையும் தனிப் பள்ளம் வெட்டிய ஃபோமில் வைத்தால் அன்றைக்கே நிற்கும்.

புள்ளிக்குப் பின்னால் வால் போல் ஒரு கோடு, அல்லது குழிகள்

வால்நட்சத்திரம் போன்ற தடம் என்றால், ஒரு தடையைத் தாண்டி வீல் ஒரே திசையில் நெடுநேரம் ஓடியிருக்கிறது. தடை எது என்பதை 50 மடங்கில் பாருங்கள். கறுத்த ஓட்டையாகத் தெரிந்தால் குழி. வெளிறிய மேடாகத் தெரிந்தால் கார்பைடு: மெத்தென்ற துணி சுற்றியுள்ள உலோகத்தைத் தின்றுவிட்டு, கடினத் துணுக்கை மட்டும் மேட்டில் விட்டுவிட்டது.

கார்பைடு என்றால் பட்டறைக்குள்ளேயே தீரும். ஏ16-க்குத் திரும்பி மேட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு நெருக்கமாகத் தைத்த, கொஞ்சம் விறைப்பான துணி வீலை எடுங்கள். 15 முதல் 20 விநாடிக்கு ஒருமுறை பாகத்தைத் திருப்பி ஓட்டும் திசையை மாற்றுங்கள். மொத்த நேரத்தைக் குறையுங்கள். துணியில் அதிக நேரம் ஓடினால் மேடு மீண்டும் எழும்பும்.

குழி என்றால் அது எப்படிப்பட்ட குழி என்று பிரிக்க வேண்டும். உருண்டையாக, உட்சுவர் வழவழப்பாக இருந்தால் வார்ப்பில் மாட்டிய வாயு. ஒழுங்கற்று, கிளைவிட்டு, கூட்டமாக, அதிலும் தடித்த பகுதியிலோ கேட் இருந்த இடத்திலோ வந்தால் உலோகம் உறையும்போது சுருங்கிய இடைவெளி. மிகச் சிறியதாக, பரப்பு முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் அது வார்ப்பின் குற்றமல்ல. மழுங்கிய பெல்ட்டில் அழுத்தித் தேய்த்ததில் கார்பைடு பிடுங்கிக்கொண்டு வந்த இடம். மூன்றாவது வகைக்கு மட்டும்தான் பாலிஷ்காரர் பொறுப்பு. புதுப் பெல்ட், பாதி அழுத்தம், ஏ65-லிருந்து மறுபடி.

முதல் இரண்டு வகையில் ஒரு வாதம் அடிக்கடி எழும்: வார்ப்பை ஹிப் உலையில், அதாவது உயர் அழுத்த ஆர்கான் வாயுவில் சூடேற்றிக் கொடுத்தோமே, பிறகு எப்படிக் குழி வரும் என்று. ஹிப் உள்ளே மூடிக் கிடக்கும் இடைவெளியைத்தான் அமுக்கி ஒட்ட வைக்கும். பரப்போடு வாய் திறந்திருக்கும் குழிக்குள் அந்த வாயுவே புகுந்துவிடுவதால் அது மூடாது. ஆகவே குழி தெரிந்தால் இடத்தைக் குறித்து வையுங்கள். பத்து பாகங்களில் ஒரே இடத்தில் வந்தால் அச்சு அமைப்பையும் கேட் இருக்கும் இடத்தையும் வார்ப்பகத்தார் மாற்ற வேண்டும். படத்தோடு அனுப்பினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. துணி வீலில் உலோகத்தை இழுத்துக் குழியின் வாயை மூடி அனுப்புவது. அந்த மெல்லிய மூடி அல்ட்ராசோனிக் கழுவல் தொட்டியில் திறக்கலாம். அங்கே தப்பினால் நோயாளியின் காலுக்குள் திறக்கும். குழிக்குள் ஊறி ஒளிரும் சாயத்தால் பார்க்கும் ஃப்ளூரசன்ட் பெனட்ரன்ட் சோதனையை ஏ65 முடிந்ததும் வைப்பது நல்லது. நிராகரிக்க வேண்டிய பாகத்துக்கு நான்கு மணி நேரப் பாலிஷ் வீணாகாது. மூடி விழுமுன் குழியும் பிடிபடும்.

ட்யூப் லைட் கோடு நெளிகிறது, உடைகிறது

பாகத்தை ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்ல உருட்டுங்கள். வளைவின் மேல் விளக்கின் பிம்பம் ஒரே இழையாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அது துள்ளினால் முகப்பு, அதாவது தட்டைத் திட்டு, விழுந்திருக்கிறது; நெளிந்தால் அலை விழுந்திருக்கிறது. ரஃப்னெஸ் டெஸ்டர் இதைச் சொல்லாது. அதன் வடிகட்டியே அலையைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். மீட்டரில் 0.03 மைக்ரான் காட்டும் பாகத்திலும் அலை இருக்கும்.

இந்தக் கோளாறில் இடைவெளியை அளந்தாலே காரணம் பிடிபடும். ஏ16 முடிந்த பரப்பில் மார்க்கரைத் தடவி, நுண்ணிய எமரித் தாளை மரக்கட்டையில் சுற்றி ஒரே ஒரு தடவை லேசாக இழுங்கள். மேடுகளில் மை போகும், பள்ளங்களில் நிற்கும். இப்போது கோட்டுக்குக் கோடு அளவெடுங்கள்.

ரோபோவில் பெல்ட் ஓட்டுபவர்களுக்குக் கணக்கு இதோ. பெல்ட் நீளம் 3 மீட்டர், வேகம் விநாடிக்கு 20 மீட்டர் என்றால் பெல்ட்டின் ஒட்டு விநாடிக்கு 6.67 முறை பாகத்தைத் தொடும். பாகம் விநாடிக்கு 20 மி.மீ. நகர்ந்தால், 20-ஐ 6.67-ஆல் வகுக்க 3 மி.மீ. உங்கள் அளவு 3 மி.மீ. சுற்றி வந்தால் ஒட்டு தடிப்பாக இருக்கிறது, பெல்ட்டை மாற்றுங்கள். அடுத்து, பெல்ட்டைப் பின்னாலிருந்து தாங்கும் தொடு வீல்: விட்டம் 200 மி.மீ. என்றால் சுற்றளவு 628 மி.மீ.; அதே வேகத்தில் விநாடிக்கு சுமார் 32 சுற்று; தடத்தின் இடைவெளி 0.63 மி.மீ. அந்த அளவு வந்தால் வீல் மையம் தவறி ஓடுகிறது. டயல் கேஜ் வைத்துப் பார்த்து, ரப்பரைச் சீவிச் சமப்படுத்துங்கள். பேரிங்கையும் அசைத்துப் பாருங்கள். உங்கள் பெல்ட் நீளமும் வேகமும் வேறாக இருக்கும். எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நகரும் வேகத்தை மாற்றும்போது இடைவெளியும் மாறினால் மேலே சொன்ன இரண்டில் ஒன்றுதான். வேகத்தை மாற்றியும் கோடு அதே இடத்தில் நின்றால் அது ரோபோவின் பாதையில் உள்ள புள்ளி. ஃபிமோரல் பாகத்தின் பக்கவாட்டு வளைவு ஒரே வட்டத்தின் துண்டு அல்ல. பல வடிவமைப்புகளில் முன்னிருந்து பின்னுக்குப் போகப் போக ஆரம் சுருங்கும். ஆரம் மாறும் இடத்தில் புள்ளிகள் தொலைவாக இருந்தால் கை ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தில் பள்ளம் விழும். அந்தப் பகுதியில் மட்டும் புள்ளிகளை நெருக்குங்கள்; வேகம் குறையாதபடி மென்மையான திருப்பத்தைக் கொடுங்கள்.

கோடுகள் ஓடும் திசைக்கு இணையாக, பெல்ட்டின் அகலத்துக்கு ஏற்ற இடைவெளியில் இருந்தால் அடுத்தடுத்த ஓட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று போதுமான அளவு ஏறவில்லை. பெல்ட் அகலத்தில் பாதியாவது ஏறட்டும். தொடு வீலின் ரப்பர் விறைப்பாக இருந்தாலும் இதே தடம் வரும்; வடிவம் எடுக்க விறைப்பான வீல், ஏ30-லிருந்து மெத்தென்ற வீல். ஆனால் ஆரம்பத்திலேயே மெத்தென்ற வீலை மாட்டிவிட்டால் வார்ப்பின் மேடுபள்ளத்தையே அது தடவிக்கொண்டு போகும். வடிவம் வராது, மினுக்கம் மட்டும் வரும்.

கையால் செய்யும் இடத்தில் முகப்பு விழுவதற்கு ஒரே காரணம் மணிக்கட்டு. தொடையும் முழங்கையும் தாங்கலில் இருந்து, இடுப்பிலிருந்து ஆடினால் வளைவு சீராக வரும். ஃபிமோரல் பாகத்தை வெறுங்கையால் பிடிக்காமல், அதன் உட்பக்கக் குழியான உட்பெட்டியில் பொருந்தும் நைலான் கைப்பிடி ஒன்றைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சுத் தோல் போல் பொரிப் பொரியாக

மெத்தென்ற வீல், அதிக அழுத்தம், நீண்ட நேரம் மூன்றும் சேர்ந்தால் வரும். வார்ப்பில் உலோகப் படிகங்கள் பெரியவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் கிடப்பதால் வெவ்வேறு வேகத்தில் தேயும். இன்னும் ஓட்டினால் இன்னும் மோசமாகும். ஏ16-க்குத் திரும்பித் தட்டையாக்குங்கள். துணி வீலில் முன்பு ஓட்டிய நேரத்தில் பாதிதான் ஓட்ட வேண்டும்.

வைக்கோல் நிறம், நீல நிறம். காலையில் வெட்டிய வீல் மாலையில் வெட்டவில்லை

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் மூலம் வீலின் ஓர வேகம். நம் ஊர்ப் பட்டறைகளில் பாலிஷ் மோட்டார் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,880 சுற்று மோட்டார். அதில் 250 மி.மீ. புது வீலை மாட்டினால் ஓர வேகம் விநாடிக்கு 37 மீட்டரைத் தாண்டும். எவர்சில்வருக்கு அது ஓடும். வெப்பத்தை வாங்கிப் பரப்பாத கோபால்ட்-குரோமியத்தில், மெல்லிய பின் கான்டைலில் நிறம் ஏறிவிடும். நிறம் ஏறிய இடத்தில் மேல்தோலும் மாறியிருக்கும். நிறத்தை மட்டும் துடைத்து அனுப்பாமல் ஏ30-க்குத் திரும்ப வேண்டும்.

மோட்டாரின் சுற்றைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. ஒன்று மாட்டி 2,000 சுற்றில் ஓட்டினால் 250 மி.மீ. வீல் விநாடிக்கு 26 மீட்டர் தரும். இது நல்ல இடம். அதே வீல் தேய்ந்து 180 மி.மீ. ஆகும்போது அதே 2,000 சுற்றில் 19 மீட்டருக்கு இறங்கிவிடும். அப்போதுதான் வேலையாள் "வெட்டவில்லை" என்று அழுத்துவார்; அழுத்தினால் சூடு; சூட்டில் காம்பவுண்ட் உருகி வழியும்; உலர்ந்த துணி உலோகத்தை இழுக்கும். வீலின் விட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து அதற்கேற்ற சுற்று எண்ணை இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வெறுங்கையில் பிடிக்க முடியாத சூட்டுக்குப் பாகம் வந்துவிட்டால் கீழே வைத்து அடுத்ததை எடுங்கள். தண்ணீரில் முக்கிக் குளிர வைக்க வேண்டாம்.

தூசியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோபால்ட் தூசி நுரையீரலைக் கெடுக்கும், தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். உறிஞ்சும் குழாயின் வாய் வீலுக்குப் பின்னால், தூசி பறக்கும் கோட்டிலேயே இருக்க வேண்டும். முகத்தில் துணி கட்டுவது பாதுகாப்பல்ல. துகள் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். அதே பட்டறையில் டைட்டானியம் தட்டும் பாலிஷ் செய்தால் அதற்குத் தனி வீல், தனித் தூசி சேகரிப்பான். டைட்டானியத் தூசி தீப்பிடிக்கும். மற்ற உலோகத்தின் தீப்பொறி பாயும் குழாயில் அதைக் கலக்க விடாதீர்கள்.

விளிம்பு கண்ணாடி, நடுப்பள்ளம் மங்கல்

டிராக் ஃபினிஷிங்கில் இது நிரந்தரப் புகார். துகள் கூட்டத்துக்குள் பாகத்தை இழுக்கும்போது துருத்திய இடத்தில் அழுத்தம் அதிகம். முழங்கால் சில்லு ஓடும் நடுப்பள்ளத்தில் துகள் வெறுமனே தங்கிக்கொண்டு பாகத்தோடு சேர்ந்தே சுற்றும். நேரத்தைக் கூட்டினால் பள்ளம் மினுங்குமுன் விளிம்பின் ஆரம் கரைந்துவிடும்.

பரப்பு முழுக்க மார்க்கரால் கட்டம் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டி எடுங்கள். மை எங்கே போனது, எங்கே அப்படியே நிற்கிறது என்பதே உங்கள் வரைபடம். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதலில் பாகத்தின் சாய்வு: பள்ளத்தின் வாய் ஓட்டத்தை நேரே பார்க்கும்படி 15 முதல் 30 டிகிரி வரை சாய்த்துப் பாருங்கள். அடுத்து ஆழம்: தொட்டியில் ஆழமாக இறக்கினால் அழுத்தம் கூடும். மூன்றாவது, இரு திசைச் சுழற்சிக்கும் சம நேரம். இல்லாவிட்டால் ஒரு கான்டைல் மட்டும் தேயும். நான்காவது துகள் அளவு: பள்ளத்தின் அடி ஆரத்துக்குள் புரளும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். உட்பெட்டியின் இடுக்குக்குள் சரியாகப் போய்ச் சிக்கும் அளவைத் தவிருங்கள். ஒன்று தெளிவாகச் சிறியது, இல்லையேல் உள்ளே நுழையவே முடியாதது.

இவற்றுக்கும் அசையாவிட்டால் இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 10 முதல் 20 மி.மீ. அகலச் சிறு பெல்ட்டில் நடுப்பள்ளத்தை ஏ16 வரை முன்னதாகவே முடித்து, மற்ற இடத்தை ஏ30-இல் நிறுத்தி உள்ளே அனுப்புங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கரை சேரும். விளிம்புக்குப் பாலியூரித்தேன் உறை போட்டும் காக்கலாம்.

பால்போல் மங்கல்

ஆல்கஹாலில் துடையுங்கள். போய்விட்டால் அது காம்பவுண்ட் படிவு. குறைவாகத் தடவிச் சுத்தமான வீலில் முடியுங்கள். போகாவிட்டால் அது நுண்கீறல் கூட்டம்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் கூடினால் முதலில் உலர் துகள் தொட்டியைப் பாருங்கள். வால்நட் ஓட்டுத் துகளும் மக்காச்சோளச் சக்கைத் துகளும் காற்றின் ஈரத்தை இழுக்கும். புதுச்சேரி, கடலூர்க் கரையில் வடகிழக்கு மழைக் காலத்தில் துகள் கட்டிக்கட்டியாகிவிடும். கட்டிக்குள் பேஸ்ட் திரண்டு ஓரிடத்தில் கீறும், ஓரிடத்தில் வழுக்கும். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம். தொட்டிக்கு மூடி போடுங்கள், அறையில் ஈரநீக்கி வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள், ஈரமான துகளைப் பரப்பி வெதுவெதுப்பான காற்றில் உலர்த்துங்கள்.

வால்நட் ஓடு விலை அதிகம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோடு குவிந்து கிடக்கிறதே, அதை அரைத்துப் போடலாமா என்ற எண்ணம் இங்கே யாருக்கும் வரும். கூடாது. முந்திரித் தோட்டில் எண்ணெய் உண்டு. அது கையைப் பொத்துவிடும், சூட்டில் பிசினாகிப் பாகத்தில் ஒட்டும், கழுவினாலும் லேசில் போகாது. கடின ஓடு எல்லாம் மெருகுத் துகள் ஆகிவிடாது.

கழுவிய பின் கறை

வெள்ளை வளையம் என்றால் தண்ணீரின் உப்பு. கரையோர போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும் ஊர்கள் நம்மைச் சுற்றி நிறைய. முதல் அலசல் ஆர்.ஓ. நீரில், கடைசி அலசல் அயனி நீக்கிய நீரில். கடத்துதிறன் 10 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்கட்டும். அலசியதும் சொட்டு தானாக உலரக் காத்திருக்காமல், வடிகட்டிய சூடான காற்றை ஊதி உடனே உலர்த்துங்கள்.

பழுப்புப் புள்ளி என்றால் இரும்பு. கோபால்ட்-குரோமியம் துருப்பிடிப்பதில்லை, மேலே ஒட்டிய இரும்புத் தூள்தான் துருப்பிடிக்கிறது. இரும்பு ஃபிக்ஸ்சர், கம்பி பிரஷ், பக்கத்து மேசையில் நடக்கும் மைல்டு ஸ்டீல் கிரைண்டிங் மூன்றையும் தேடுங்கள். நைட்ரிக் அமிலக் குளியல் இதை நீக்கும்: ஏ.எஸ்.டி.எம். எஃப்86 சொல்வதுபோல் கன அளவில் 20 முதல் 45 சதவீதம், அறை வெப்பத்தில், குறைந்தது 30 நிமிடம். கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. அமிலம் படியுமுன் மெழுகு முழுவதும் போயிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக நிறம் மாறும்.

சிமென்ட் பக்கத்தில் காம்பவுண்ட் அடைந்துகொண்டது

பின்பக்கம் சொரசொரப்பாக இருப்பது எலும்பும் சிமென்டும் பிடிப்பதற்காக. அங்கே மெழுகு புகுந்தால் பிடிப்பு போகும். மறைப்பு போட்டுத்தான் வீலுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். புகுந்துவிட்டால், உடனே கழுவுங்கள். ஓர் இரவு விட்டால் கல்லாகிவிடும். காம்பவுண்டில் உள்ள ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி செல்சியஸில் உருகுவது. ஆகவே 50 டிகிரித் தொட்டியில் எவ்வளவு நேரம் போட்டாலும் பலன் குறைவு. காரச் சோப்புக் கரைசலை 72 முதல் 75 டிகிரிக்கு ஏற்றி, அல்ட்ராசோனிக்கில் பின்பக்கம் கீழ்நோக்க வைத்து ஓட்டுங்கள். முத்துமுத்தாக உலோக மணி பூசிய வகையில் மெழுகோ துகளோ உள்ளே போனால் முழுமையாக எடுப்பது கடினம். அந்த வகைக்கு மறைப்பு தவறவே கூடாது.

கண்ணாடிபோல் இருக்கிறது, மீட்டர் தவறு என்கிறது

முழங்கால் உறுப்பின் உலோக உராய்பரப்புக்கு ஐ.எஸ்.ஓ. 7207-2 தரம் வைக்கும் எல்லை ஆர்ஏ (சராசரிக் கரடு) 0.1 மைக்ரான். பல வரைபடங்கள் 0.05 அல்லது அதற்கும் கீழே கேட்கும். அந்த அளவில் மீட்டரை வைக்கும் விதமே எண்ணை மாற்றிவிடும்.

கட்-ஆஃப், அதாவது கரடையும் அலையையும் பிரிக்கும் நீள எல்லை, 0.8 மி.மீ.-இல் இருந்தால் வளைவின் ஒரு பகுதியையும் கரடாகக் கணக்கிட்டுவிடும். 0.02 முதல் 0.1 மைக்ரான் வரையான பரப்புக்கு 0.25 மி.மீ. கட்-ஆஃப், 1.25 மி.மீ. அளவு நீளம். ஊசி முனை ஆரம் 2 மைக்ரான். வளைவை நீக்கும் கணக்கு, அதாவது வட்ட வடிவ நீக்கம், போட்டிருக்க வேண்டும். நேர்கோட்டு நீக்கம் இங்கே போதாது. பாகத்தின் உச்சி ஊசிக்குச் செங்குத்தாக வரும்படி வி-பிளாக்கில் சாய்த்து நிறுத்துங்கள். பாலிஷ் ஓடிய திசைக்குக் குறுக்காக இழுங்கள். வெளியே லாரி போகும்போது எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மேசைக்கடியில் அதிர்வுத் தாங்கி வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் தரப்படுத்திய மாதிரித் தகட்டில் அளந்து மீட்டரைச் சரிபாருங்கள்.

மறுபக்கம் ஒன்று: ஆர்ஏ சராசரி எண். தனி ஒரு ஆழக் கீறல் இருந்தாலும் சராசரி அழகாகவே வரும். ஆகவே உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரத்தைக் காட்டும் ஆர்இசட் எண்ணையும் எழுதுங்கள். லென்ஸ் பார்வையை விட்டுவிடாதீர்கள். ஒரு கான்டைலுக்கு மூன்று இடம், நடுப்பள்ளத்தில் இரண்டு இடம் என்று இடங்களை வரைபடத்தில் நிலையாக வைத்துக்கொண்டால்தான் இன்றைய எண்ணை நாளைய எண்ணோடு ஒப்பிட முடியும்.

சி.எம்.எம். அளவீட்டு இயந்திரத்தில் வடிவம் கரைந்திருக்கிறது

பாலிஷ் எவ்வளவு தின்றது என்று தெரியாமல் இந்தக் கோளாறைத் தேட முடியாது. தராசு இதற்குக் கைகொடுக்கும். கலவையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.3 கிராம். உராய்பரப்பு 40 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 10 மைக்ரான் தேய்ந்தால் எடை 0.33 கிராம் குறையும். ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் கழுவி உலர்த்தி எடை போடுங்கள். ஏ30-க்கும் ஏ16-க்கும் எவ்வளவு, வீலுக்கு எவ்வளவு என்று எழுதி வைத்தால், எந்தப் படி அளவுக்கு மீறித் தின்கிறது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மறுவேலைக்குத் திரும்பும் பாகத்தின் அட்டையில் அதுவரை போன எடையைக் கூட்டி எழுதுங்கள். ஏ65-க்குத் திருப்பி அனுப்பலாமா, வரைபடம் அனுமதிக்கும் எல்லை ஏற்கெனவே தீர்ந்துவிட்டதா என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். எல்லை தீர்ந்த பாகத்தைச் சிவப்புத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.